வீட்டில் பிடித்த சாம்பிராணி கோன் ஏன் பாதியில் அணைகிறது?

கேள்வி, ஆகஸ்ட் 6

சாமிக்குப் போட்ட ரோஜா, செவ்வந்தி எல்லாவற்றையும் காயவைத்து மிக்சியில் அரைத்தேன். கட்டி சாம்பிராணி, கற்பூரம், கிராம்பு, இரண்டு ஸ்பூன் நெய் சேர்த்து, பன்னீர் விட்டுப் பிசைந்து, கோன் பிடித்து வெயிலில் வைத்தேன். வீடியோவில் அந்த அம்மா பற்றவைத்ததும் புகை அழகாக மேலே போகிறது. என்னுடையது நுனி கருகி அணைந்துவிடுகிறது. திரும்பப் பற்றவைத்தால் குப்பை எரிக்கிற வாடை. எதைக் கூட்ட வேண்டும்? கடையில் சல்லிசாகக் கிடைப்பதற்கு இவ்வளவு பாடா என்று மாமியார் கேட்கிறார்.

ஆகஸ்ட் 6, இரவு

மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை அப்புறம் பார்ப்போம். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கத்தான் வேண்டும்.

முதலில் நெய்யை எடுங்கள். சூடு ஏறினால் உருகிப் பக்கத்துப் பொடியை நனைக்கும், கங்கு அதைத் தாண்டி இறங்காது. அடுத்து சாம்பிராணி. அது பிசின், கங்கு பட்டால் எரிவதற்கு முன்னால் உருகும். நூறு கிராம் பொடியில் பத்து, பதினைந்து கிராமுக்கு மேல் போனால் உருகின பிசினே தீயை மூடிவிடும். கற்பூரம் காய்கிறபோதே காற்றோடு போய்விடும், போட்டது வீண். பூவைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் 7

ரோஜா இதழை எரித்தால் ரோஜா வாசனை வராது. செவ்வந்தி, மல்லிகை, சம்பங்கி எதுவானாலும் அப்படித்தான். பூவின் மணம் சீக்கிரம் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. காயவைக்கிற நாட்களிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும், மிச்சம் வெறும் சருகு. சருகை எரித்தால் சருகு வாடைதான் வரும். நீங்கள் குப்பை வாடை என்று எழுதியது அதுதான்.

எரிகிறபோதும் மணம் தருவது மரம், வேர், கிழங்கு, பட்டை, பிசின். சந்தனம், தேவதாரு, வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, லவங்கப்பட்டை இவற்றை நம்பலாம். துளசி, வேப்பிலை, நொச்சியை கொசுவுக்காகப் போடுவது வேறு கணக்கு. மணத்துக்காகப் போட்டால் ஏமாற்றம்தான்.

"சாமிப் பூவைக் குப்பையில் போட மனசு வரவில்லை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட வேண்டாம். நன்றாகக் காய்ந்த இதழை மாவாகச் சலித்து மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம், பாதகமில்லை. கான்பூரில் கங்கையில் கொட்டிக்கொண்டிருந்த கோயில் பூக்களை வாங்கி ஊதுபத்தி செய்கிறார்கள். அங்கேயும் பூப்பொடி உடம்புக்குத்தான், வாசனைக்குத் தனியாக எண்ணெய் சேர்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 9

வீடியோக்களில் சொல்லாமல் விடுகிற சாமான் ஜிகட் பவுடர். மரப்பட்டைப் பொடி. தண்ணீர் பட்டால் வழவழவென்று பசையாகும், காய்ந்தால் இறுகும், எரிந்தால் பெரிய வாடை எதுவும் தராது. ஒட்டவும் வேண்டும், எரியவும் வேண்டும், மணத்தையும் கெடுக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். மைதா ஒட்டும், ஆனால் சப்பாத்தி தீய்ந்த வாடை வரும். கருவேலம் பிசின் நன்றாக ஒட்டும், கொஞ்சம் கூடினால் கோன் கல்லாகி எரியாது. வெல்லப்பாகு, தேன் ஊற்றினால் எறும்பு வருகிறது. மாட்டுச்சாணம் ஒட்டும், எரியவும் செய்யும். ஆனால் அதன் மணம்தான் மேலே நிற்கும். அது பிடித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஜிகட் இரண்டு வகை மரங்களிலிருந்து வருகிறது. ஒன்று வடக்கே மைதா லகடி என்கிற மரம். இன்னொன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற, மலையாளத்தில் குளமாவு என்கிற மரம். கேரளத்தில் பழைய வீடுகளுக்கும் கோயில்களுக்கும் சுண்ணாம்புச் சாந்து குழைக்கும்போது குளமாவின் வழவழப்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஜப்பானில் ஊதுபத்திக்குப் போடுகிற 'தபு' மரப் பட்டையும் இதே இனம்தான். அந்த ஊர் ஊதுபத்தியில் பெரும்பங்கு அவாஜி என்கிற ஒரு தீவிலிருந்து வருகிறது, உள்ளே மூங்கில் குச்சியே கிடையாது.

வாங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்து ஈர விரலில் தேயுங்கள். நூல் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் அது வெறும் மரத்தூள். ஒரு நாட்டு மருந்துக் கடையில் எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள், கேட்டதற்கு "எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்கள். எல்லாரும் என்ன செய்கிறார்களோ!

ஆகஸ்ட் 9, சற்று முன்

ஒரு விஷயம் விட்டுப்போனது. பட்டையை முழுக்க உரித்தால் மரம் பிழைக்காது. காட்டில் அப்படித்தான் நிறைய மரம் போயிருக்கிறது. 'முழுக்க இயற்கை' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நம் வீட்டுத் தேவைக்கு வருஷத்துக்குக் கால் கிலோகூட ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 15

இன்றைக்கு விடுமுறை, மாமியார் கேள்விக்கு வருகிறேன்.

கடையில் வாங்குகிற சாதாரண ஊதுபத்தி இரண்டு கட்டமாக உருவாகிறது. முதலில் மூங்கில் குச்சியில் கரித்தூள், மரத்தூள், ஜிகட் கலந்த மாவை உருட்டுகிறார்கள். இதில் வாசனையே கிடையாது, கச்சா பத்தி. முன்பு முழுக்கக் கையால்தான், பலகையில் மாவை வைத்துக் குச்சியை அதன்மேல் உள்ளங்கையால் ஒரு உருட்டு, வெளியே ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் ஜிகட் தூவல். மைசூரு பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் இதை அநாயாசமாகச் செய்வார்கள். நாம் உருட்டினால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் குச்சி தெரியும். இப்போது பெரும்பாலும் மெஷின். குச்சியும் கச்சா பத்தியும் நெடுங்காலம் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. 2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக்கியது.

இரண்டாவது கட்டம் சென்ட். வாசனைத் திரவியத்தை டிஇபி என்கிற நிறமற்ற, மணமற்ற எண்ணெய்ப் பசையான திரவத்தில் கலந்து, பத்தியை முக்கி எடுத்துக் காயவைக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கிறதே, அது இந்த முக்கல்தான். அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் செய்ததை முகர்ந்து பார்த்துக் கடைப் பத்தியோடு ஒப்பிடாதீர்கள். நம்முடையது கொளுத்தாதபோது நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்கிற மணம்தான் தரும். கொளுத்திய பிறகுதான் அதன் வேலை ஆரம்பிக்கும்.

மசாலா பத்தி என்று ஒரு வகை, அது முக்கியெடுப்பதில்லை, வாசனைச் சாமான்களை மாவிலேயே பிசைந்து உருட்டுவது. பழைய மைசூரு மசாலா பத்தியைத் தொட்டால் கொஞ்சம் பிசுபிசுக்கும், காரணம் மட்டிப்பால். மட்டி மரத்தைக் கீறி எடுக்கிற பிசின், காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகியே இருக்கும். இந்த மரத்தைத்தான் தீக்குச்சிக்கும் வளர்க்கிறார்கள். இப்போது நல்ல மட்டிப்பால் கிடைப்பது குதிரைக்கொம்பு. மைசூர் அகர்பத்திக்கு 2005இல் புவிசார் குறியீடு வந்தது. குறியீடு வந்து என்ன, அந்தப் பழைய பிசுபிசுப்பு இல்லை என்று என் அப்பா புலம்புவார்.

ஆக மாமியாருக்குப் பதில்: காசு மிச்சமாகாது. நாட்டு மருந்துக் கடைச் சீட்டைக் காட்டாதீர்கள்.

ஆகஸ்ட் 20

அளவு கேட்டு நிறையப் பேர். நான் செய்வது இது, வேதவாக்கு இல்லை.

நூறு கிராமுக்கு ஜிகட் இருபது, சந்தனம் அல்லது தேவதாருத் தூள் நாற்பது, சிரட்டைக் கரித்தூள் பதினைந்து, கிச்சிலிக்கிழங்கும் வெட்டிவேரும் சேர்த்துப் பத்து, சாம்பிராணி பத்து, லவங்கப்பட்டை நான்கு, கிராம்பு ஒன்று. கிராம்பைக் கூட்டினால் தொண்டை கரிக்கும், பல் ஆஸ்பத்திரி வாடையும் வரும். சந்தனத்தூள் என்று குறைந்த விலைக்குப் பொட்டலத்தில் விற்பது அநேகமாகச் சென்ட் தெளித்த ஏதோ ஒரு மரத்தூள், அதற்கு தேவதாருவே மேல்.

எல்லாவற்றையும் தனித்தனியே அரைக்க வேண்டும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டிவிட்டுப் போடுங்கள், நீளமாகப் போட்டால் மிக்சி பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடாகும். சாம்பிராணியை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் விட்டுவிட்டு அரைக்கவும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் இளகி ஜாரின் அடியில் ஒட்டிக்கொள்ளும், அதைச் சுரண்டுவதற்குள் விடிந்துவிடும். அந்த ஜாரில் மறுபடி சட்னி அரைக்க நினைக்காதீர்கள்.

அரைத்ததை வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது மெல்லிய துணியில் சலிப்பது. மாவுச் சல்லடை போதாது. நிறையப் பேருடைய கோன் அணைவதற்கு நெய்க்கு அடுத்த காரணம் இதுதான் என்பது என் கட்சி. பொடி கொரகொரவென்று இருந்தால் கங்கு ஒரு துணுக்கிலிருந்து அடுத்ததுக்குத் தாவ முடியாமல் நின்றுவிடும்.

பிறகு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கெட்டியாக அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் விடவும். ஜிகட் ஊற நேரம் கேட்கும். ஊறாமல் பிடித்தால் விரிசல் விழும்.

ஆகஸ்ட் 21

வெடியுப்பு போட்டால் அணையாதாமே என்று கேட்டவருக்கு: போடாதீர்கள். எரியும், ஆனால் பொரியும், வாடையும் சேரும். கடையில் விற்கிற வட்டக் கரி வில்லை தீக்குச்சி காட்டியதும் பொரிபொரியென்று பற்றுவது அதனால்தான். அந்த வில்லையையே வாங்கினாலும் மேலே சாம்பல் பூத்த பிறகு பிசினைப் போடுங்கள், முதல் புகை நல்லதில்லை.

செப்டம்பர் 3

நான் ஆகஸ்ட் 6இல் எழுதிய "பத்து, பதினைந்து கிராமுக்கு மேல் பிசின் கூடாது" என்பதை ஒருவர் பிடித்துக்கொண்டார். தசாங்கத்தில் சாம்பிராணி, வெள்ளைக் குங்கிலியம், மட்டிப்பால் என்று மூன்று பிசின் இருக்கிறது, அது எரிகிறதே என்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

தசாங்கத்தின் பத்துச் சாமான்: வெட்டிவேர், லவங்கம், வெள்ளைக் குங்கிலியம், ஜாதிக்காய், மட்டிப்பால், சந்தனத்தூள், நாட்டுச் சர்க்கரை, திருவட்டப்பச்சை, சாம்பிராணி, கிச்சிலிக்கிழங்கு. பெயருக்குப் பத்து சரி, பொட்டலத்தில் மரத்தூள்தான் கூடுதல். அதைவிட முக்கியம், அதை யாரும் பிசைவதில்லை. கூடவே கொடுக்கிற சின்ன அச்சில் பொடியை அடைத்துத் தட்டில் கவிழ்த்து நுனியில் பற்றவைக்கிறோம். பொடிக்கு நடுவில் காற்று இருக்கிறது, ஒட்டுவதற்கு எதுவுமில்லை, ஈரமுமில்லை. அதனால் கொஞ்சம் கூடுதல் பிசினையும் தாங்கும். நான் சொன்ன கணக்கு பிசைந்து இறுக்கிய கோனுக்கு மட்டும் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு யோசனை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் தசாங்க அச்சில் தங்கள் கலவையை வைத்துப் பாருங்களேன். ஜிகட் வேண்டாம், காயவைக்க வேண்டாம், மணம் பிடிக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பிடித்த பிறகு பிசையலாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த இழை இவ்வளவு நீண்டிருக்காது, எனக்கும் பொழுது போயிருக்காது.

செப்டம்பர் 12

முறுக்கு உழக்கு!

கோனின் கஷ்டம் அதன் வடிவம். நுனியில் மெல்லிசு, அடியில் பருமன். அடிப்பாகம் உள்ளே காயாது, கங்கு அங்கே வந்ததும் திணறும். கடைசிக் கால்பங்கு அணைகிறது என்று எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இதுதான் நோய். ஜப்பான்காரர்கள் போல நூல்நூலாகப் பிழிந்தால் என்ன என்று தோன்றியது. ஓமப்பொடி அச்சு அடைத்துக்கொள்கிறது, துணியில் சலித்தும்கூட ஒரு நார் எங்கிருந்தோ வந்து துளையில் உட்கார்ந்துகொள்ளும். காராசேவு அச்சு சரி. மாவைக் கோனுக்குப் பிசைவதைவிட ஒரு சிட்டிகை இளக்கமாக வைத்து, பலகையில் விரித்த செய்தித்தாள்மேல் நீளமாகப் பிழிந்து, ஸ்கேலால் ஒழுங்குபடுத்தி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிவிட வேண்டும். அப்படியே விட்டால் காயும்போது நெளியும். பாதி காய்ந்ததும் மேலே இன்னொரு தாள், அதன்மேல் லேசான பலகை.

வீட்டில் இருக்கிற உழக்கை எடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி வருகிறது, தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் 13

"மருந்து ஊசி சிரிஞ்சில் பிழியலாமா?" பிழியலாம், கை வலிக்கும்.

அக்டோபர் 4

நவராத்திரிக்குப் பிழிந்தது எல்லாம் தீர்ந்தது. கொலுவுக்கு வந்தவர்களில் ஒருவர் குழந்தைக்கு வீசிங் என்று வாசலிலேயே நின்றார், உடனே அணைத்துவிட்டேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

வீட்டில் செய்ததால் புகை நல்ல புகை ஆகிவிடாது. சென்ட்டும் டிஇபியும் இல்லை, அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லலாம். மரம் எரிந்தால் நுண்துகளும் பென்சீன் வகையறாவும் வரத்தான் செய்யும். சிங்கப்பூரில் 61,000க்கும் மேற்பட்ட சீனர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் வீட்டில் ஊதுபத்தி ஏற்றியவர்களுக்கு மூச்சுப்பாதையில் சில வகைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அங்கே அவர்கள் கிட்டத்தட்ட நாள் முழுக்க ஏற்றுகிறவர்கள், நாம் சாயங்காலம் ஒன்று ஏற்றுகிறோம், வித்தியாசம் உண்டு. இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் வேண்டாம். குளிப்பாட்டின பச்சைக் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது பற்றி நான் எழுதினால் எல்லாப் பாட்டிகளும் சண்டைக்கு வருவார்கள், குழந்தை டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 9

மழை. பலகையில் இருந்த குச்சிகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் என்று கேட்டவர் படமும் போட்டிருக்கிறார். அது பூஞ்சணம்தான், சாம்பிராணி பூத்தது இல்லை. தூக்கிப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிசையாமல் இருப்பதே உத்தமம். பிசைந்தே தீருவேன் என்றால் ஃபேன் ஓடுகிற அறையில், காற்று நேராகப் படாமல் வையுங்கள், தினம் ஒரு முறை திருப்புங்கள். வெயிலில் வைக்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும்; மேல்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள், இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமலிருந்தால் காய்ந்தது. இதை எனக்குச் சொன்னது மூலிகை சோப்பு செய்கிற ஒரு சிநேகிதி.

நவம்பர் 23

நல்ல சாம்பிராணி எது?

பால் சாம்பிராணி என்று கேளுங்கள். உடைத்தால் பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் தெரிய வேண்டும். கங்கில் ஒரு துணுக்குப் போட்டால் குமிழ்விட்டு, வெள்ளைப் புகையோடு லேசான இனிப்பு மணம், பேக்கரி வெனிலாவுக்கு அக்கம்பக்கத்தில். கரும்புகையோடு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கிற வாடை வந்தால் அது பைன் மரத்து ரோசின், சாம்பிராணி இல்லை. பளபளவென்று கண்ணாடித் துண்டாக, ஒரே நிறமாக இருந்தாலே சந்தேகப்படலாம். குங்கிலியம் வேறு மரம், குந்திரிகம் வேறு மரம். கடைப் பையன் மூன்றையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

சாம்பிராணி நம் மரமே இல்லை, சுமத்ரா பக்கத்துச் சரக்கு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பாரூஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில், ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வெட்டின தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் ஆட்கள் அங்கேயே போய் உட்கார்ந்து வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள்.

குங்கிலியம் என்றதும் திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் ஞாபகம். நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்துக் குங்கிலிய மூட்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவர். அந்த அம்மாவின் பக்கத்தை யாராவது தனியாக எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஜாதிக்காய் வாங்கியதற்கே விசாரணை நடந்தது.

டிசம்பர் 18

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நெய்யை விட்டுவிட்டாராம், துணியில் சலித்து, ஜிகட் சேர்த்து, கோன் பிடிக்காமல் பிழிந்திருக்கிறார். அடிவரை எரிகிறதாம். ஆனால் சாம்பிராணி மணமே தெரியவில்லை, வெறும் மர வாசனையாக இருக்கிறது என்கிறார்.

தெரியாதுதான். நூற்றில் பத்துப் பங்கு பிசினில் மெல்லிய மணம்தான் வரும். சாம்பிராணி சாம்பிராணியாக மணக்க வேண்டும் என்றால் தூபக்காலில் கொட்டாங்குச்சிக் கங்கு வைத்து மேலே தூவுவதற்கு ஈடு இல்லை, நானே வெள்ளிக்கிழமைகளில் அதைத்தான் செய்கிறேன். பிழிந்த குச்சி மற்ற நாளுக்கு, மரத்துக்கும் வேருக்கும். இரண்டையும் ஒரே கோனில் அடைக்கப் பார்த்ததுதான் இவ்வளவு தொல்லைக்கும் காரணம்.

மிச்சமிருக்கிற பூப்பொடியை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். செம்பருத்திச் செடி இருந்தால் அதன் தூரில் போடுங்கள். டப்பா மூடியை இறுக்கி வையுங்கள், மார்கழிப் பனிக்கு ஜிகட் ஈரம் இழுக்கும்.